பலகைக்காரி சேற்றில் கை ஊன்றிய கதை

பலகைக்காரி என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில். என் இரண்டாவது தங்கைக்குத் தலைப்பிள்ளை பிறந்த அன்று. பெஞ்சில் நாங்கள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் தலையைப் போட்டுத் தூங்கி வழிந்துகொண்டிருந்தோம். வாசலில் நர்ஸம்மா யாரையோ பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்த சத்தத்தில்தான் கண் விழித்தேன்.

"இது ஆஸ்பத்திரியா இல்ல குளத்தங்கரையா? முட்டி வரைக்கும் சேத்த பூசிக்கிட்டு உள்ள வந்தா யாரும்மா கழுவுறது?"

"நானே கழுவிடுறேன் சிஸ்டர். துடைப்பத்தைக் குடுங்க," என்றது ஒரு குரல். அதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஒரு வேலையை முடித்துவிட்டு வந்தவள் அடுத்த வேலைக்குக் கை நீட்டுகிற குரல்.

எட்டிப் பார்த்தேன். கையில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், காலில் காய்ந்த சேறு, புருவத்தில்கூட ஒரு பொட்டுச் சேறு. அவள் பாட்டுக்குக் குனிந்து துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"யாரு மாப்பிள்ள அது?" என்று தங்கை வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"எங்க பலகைக்காரிதான் அண்ணி, வேற யாரு. நம்ம தம்பி சம்சாரம். கடல் விட்டாத்தான் வீட்டு விசேஷத்துக்கு வருவா."

முறைக்கு அவள் என் தங்கைக்கு ஓரகத்தி. தங்கை வீட்டுக்காரரின் தம்பி லாரி ஓட்டுகிறவர்; அவருக்கு வாழ்க்கைப்பட்டவள். சுற்றி வளைத்தால் எனக்குத் தங்கச்சி முறை வரும். அன்றிலிருந்து நானும் அவளைப் பலகைக்காரி என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அவளைப் பெற்றவள் போன பிறகு அவள் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய்விட்டது.

அந்தப் பேர் வந்த விதம் இது. ஊர் முடிகிற இடத்தில் ஒரு சதுப்பு உண்டு. அதற்கப்புறம் கடல். கடல் ஏறும்போது அங்கே முழங்கால் தண்ணீர், வற்றும்போது கொழகொழவென்று சேறு, கோரை, நண்டு வளை. அந்தச் சேறு உயருகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிறதுதான் சதுப்பு ஆபீஸில் அவளுக்கு வேலை. கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். அவள் வீட்டுக்காரருக்கே தோன்றியது. "நீயும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கடலை அளக்குற. அதுக்கு என்ன, சட்டையா தைக்கப் போற?" என்பார் அவர், லாரியிலிருந்து இறங்கிச் சாப்பிட உட்கார்ந்ததும்.

சதுப்புக்குள் அங்கங்கே இரும்புத் தண்டு அடித்திருக்கிறார்கள். இனிமேல் இறங்காது என்கிற வரைக்கும் சம்மட்டியால் அடித்து இறக்கியது. அது அசையாது, சுற்றியிருக்கிற சேறுதான் ஏறும், இறங்கும். அந்தத் தண்டின் தலையில் ஒரு சட்டத்தை மாட்டி, ரசமட்டம் வைத்துச் சாய்வில்லாமல் பார்த்து, சட்டத்தில் இருக்கிற துளைகள் வழியாக மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். கம்பி முனை சேற்றின் தோலைத் தொட்டதும் விட்டுவிட வேண்டும். சட்டத்துக்கு மேலே கம்பி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால், போன தடவைக்கு இந்தத் தடவை தரை ஏறியிருக்கிறதா என்று தெரியும்.

இதில் ஒரே ஒரு சட்டம் உண்டு, இரும்புச் சட்டம் இல்லை, வேலைச் சட்டம். கம்பி இறங்குகிற இடத்தில் காலோ கையோ படக் கூடாது. ஒரு தடவை மிதித்தால் அந்த இடம் அதோடு போச்சு; முன்னால் எடுத்த அளவுக்கும் பின்னால் எடுக்கப்போகிற அளவுக்கும் தொடர்பு அறுந்துவிடும். அதனால் பக்கத்தில் முட்டுக்கட்டை மேல் பலகை போட்டு, பலகை மேல் மண்டியிட்டு, உடம்பை முன்னால் நீட்டித்தான் வேலை செய்ய வேண்டும். அந்தப் பலகையை அவள் தலையில் வைத்துக்கொண்டு போவாள், தலையில் வைத்துக்கொண்டு வருவாள். அப்படி வந்த பேர்தான்.

தண்டுக்குப் பக்கத்திலேயே ஒரு திட்டில் என்றோ வெள்ளைக் களிமண் தூள் தூவியிருந்தார்கள். அதன் ஓரத்தில் கேக் வெட்டுகிற மாதிரி ஒரு துண்டு வெட்டி எடுத்தால் நடுவில் வெள்ளைக் கோடு தெரியும். கோட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் தூவிய பிறகு கடல் கொண்டுவந்து போட்ட மண். அது ஒவ்வொரு வருஷமும் கூடத்தான் செய்தது. ஆனால் சில வருஷம் கம்பி வேறு சொல்லும். மேலே இவ்வளவு மண் வந்தும் தரை உயரவில்லை, அடியில் அமுங்கிப் போகிறது என்று.

"நம்ம உடம்பு மாதிரிதான் அக்கா," என்று என் தங்கையிடம் அவள் ஒரு தடவை சொன்னாளாம். "எவ்வளவு தூங்கி எழுந்தாலும் அசதி அப்படியே கிடக்குதுல்ல."

இன்னொன்றும் உண்டு. கம்பியை இறக்குகிற கை மாறக் கூடாது. ஒருத்தி தொட்டதும் விடுவாள், இன்னொருத்தி கம்பி சேற்றில் உட்காரும் வரை விடுவாள். தலைமுடி அளவு வித்தியாசத்திலே கணக்கில் கடலே ஏறி இறங்கிவிடும். ஆகவே ஒரு தண்டை ஆரம்பித்த கைதான் கடைசி வரை. கல்யாணமோ கருமாதியோ, அளக்கிற நாள் வந்தால் அவள் சதுப்பில்தான் இருக்க வேண்டும். அவள் சொல்கிற அளவை எழுதிக்கொள்ள ஒரு பெரியவர் கூட வருவார். வெயிலுக்கும் குடை, மழைக்கும் குடை, இரண்டும் இல்லாவிட்டால் காற்றுக்குக் குடை. குடைக்காரர் என்றே அவருக்குப் பேர். "உன்னை ஒரு பத்திரிகை வச்சு அழைக்கணும்னா முதல்ல கடல்கிட்ட தேதி கேக்கணும்மா," என்பார் அவர்.

முதலில் அவளுக்கு இது பெருமையாகத்தான் இருந்தது. தன் கை இல்லாவிட்டால் நடக்காது என்று ஒரு வேலை அமைவது எல்லாருக்குமா கிடைக்கிறது? பெருமை எப்போது பாரமாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. முதலில் பலகை கனத்தது. பிறகு பூட்ஸ் கனத்தது. பிறகு வலது முட்டி. மடக்கினால் நிமிராது, நிமிர்த்தினால் மடங்காது. "மண்டி போடாதீங்கன்னு டாக்டர் சொல்றாரு," என்றாள் தங்கையிடம். "மண்டி போடுறதைக் கழிச்சா என் வேலையில மிச்சம் என்ன இருக்கு, சொல்லுங்க." ஆபீஸில் அவள் சொல்லவில்லை. சொன்னால் கையை மாற்றுவார்கள். இவ்வளவு காலம் செய்ததை நடுவில் போட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை, தொடரவும் உடம்பு கேட்கவில்லை. அப்படியே இழுத்துக்கொண்டிருந்தாள்.

கூடப் பிறந்தது ஒரே தம்பி. அக்காள் கரைக்கு வெளியே, தம்பி கரைக்கு உள்ளே.

கரை என்றால், சதுப்பின் ஒரு பாகத்தைத் தடுத்து அவர்கள் அப்பா காலத்தில் போட்ட மண்கரை. கடல் உள்ளே வராமல் தடுத்து, தரையைக் காயவைத்து, அதில் ஒரு தெரு உண்டாக்கினார்கள். பள்ளத் தெரு என்று பிற்பாடு பேர் வந்தது. போடும்போது அது பள்ளம் இல்லை. அந்தத் தெருவில் கடைசி வீடு அப்பா தன் கையால் கட்டியது. தண்ணீர் வரவில்லை, நிஜம்தான். ஆனால் தண்ணீர் கொண்டுவருகிற மண்ணும் வரவில்லை. கோரை வேர்விட்டு வேர்விட்டு உண்டாக்கிய கறுப்பு மண், காயக் காயப் பழைய துணி மாதிரி சுருங்கிப்போயிற்று. கதவு நிலையில் இடித்தது. சுவர் வாய் பிளந்தது. கரை மேல் ஏறி நின்றால் கண்ணுக்கே தெரியும்: வெளியே நண்டு ஓடுகிற சேறு மேலே, உள்ளே ஆள் குடியிருக்கிற தெரு கீழே.

அந்தத் தெருவில் ஊறுகிற தண்ணீரை இறைத்துக் கடலில் தள்ளுகிற பம்ப் ரூமில்தான் தம்பிக்கு வேலை. மோட்டார் சத்தத்திலேயே இருந்து இருந்து, பக்கத்தில் நிற்கிறவரிடமும் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவான். நல்லவன். ஒரு நட்டு கழன்று கிடந்தால் தூங்க மாட்டான்.

கடல் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகு ஆபீஸில் ஒரு யோசனை வந்தது. கரையை உயர்த்திக்கொண்டே போக முடியாது, கனத்தில் அதுவும் அமுங்குகிறது. பேசாமல் கரையை வெட்டிவிட்டு, பள்ளத் தெருவை மறுபடி கடலுக்குத் திறந்துவிடுவது. கடல் மண் கொண்டுவரும், கோரை வரும், தரை தானே உயரும், பின்னால் இருக்கிற ஊருக்கு அது தடுப்பாக நிற்கும். தெருக்காரர்களுக்கு மேட்டுத் தெருவில் அடுக்குமாடி வீடு. எல்லாம் சரி, ஆனால் வெளிச் சதுப்பு கடலுக்கு ஈடாக உயருகிறது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் வெட்டுவார்கள். வெளிச் சதுப்பே முங்குகிறது என்றால் உள்ளே திறந்துவிட்டு என்ன பிரயோஜனம்? அதற்கு அவர்கள் நம்பியிருந்தது கரையோரத்துப் பழைய தண்டை. பலகைக்காரியின் முதல் தண்டு.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். அவள் சதுப்பிலிருந்து நேராக வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தாள். யாரோ ஒருத்தர் எழுந்து, "அந்தம்மாவையே கேளுங்க, அது நம்ம தெருப் பொண்ணுதானே. ஏம்மா, தெரு இறங்குதா?" என்றார்.

அசதியில் இருந்தவள் வார்த்தையைத் தடவிக்கொடுத்துச் சொல்லவில்லை. "இறங்குது. பம்ப் ஓட ஓட இன்னும் இறங்கும்," என்றாள்.

முன்வரிசையில் இருந்த தம்பி திரும்பினான். "அப்போ அப்பா கட்டின வீட்டை நான்தான் முக்குறேன்னு சொல்ற?"

"உன்னைச் சொல்லலடா. பம்பைச் சொன்னேன்."

"பம்பை யாரு ஓட்டுறா? உங்க ஆபீஸ் நண்டா?"

கூட்டம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனவன் அதன் பிறகு அக்காவோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். கடைத்தெருவில் எதிரே வந்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவான். அவள் வீட்டில் அடுப்படிக் குழாய் ஒழுகியது. கதவுத் தாழ்ப்பாள் கழன்று தொங்கியது. முன்பெல்லாம் அவன் வந்து செய்வான். அவள் தாழ்ப்பாளைக் கயிற்றால் கட்டி வைத்தாள்.

முடிவு எடுக்கிற வருஷம் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் தம்பி பெண்டாட்டி வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அண்ணி, நான் வந்தது அவருக்குத் தெரியாதுன்னு வச்சுக்குங்க."

"தெரியாதுன்னு வச்சுக்கிறேன். என்ன சொல்லி அனுப்பினான்?"

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் அழுகிற மாதிரி முகம் போயிற்று. "இந்தத் தடவை கம்பியைக் கொஞ்சம் அழுத்தி விட்டா என்ன அண்ணி? சேறுதானே, உள்ள போவும். தரை இறங்கினதாத்தானே வரும்? கரையை விட்டுடுவாங்கல்ல? அந்த வீட்டை விட்டுட்டு அவரு எங்கயும் இருக்க மாட்டாரு. உங்களுக்கும் அது அப்பா வீடுதானே?"

"நான் அழுத்தினா கம்பி இறங்கும். கடல் இறங்குமா?" என்றாள் பலகைக்காரி. "போம்மா, போய்ச் சாப்பாட்டைக் கவனி. நான் அழுத்த மாட்டேன்னு சொல்லிடு."

அன்று அவள் சாப்பிடவில்லை. கோபத்தில் இல்லை, எழுந்து போய்த் தட்டு எடுக்கச் சலிப்பாக இருந்தது.

அளக்கிற நாளில் காற்று அதிகம். கடல் வற்றி, சேறு பளபளவென்று கிடந்தது. சட்டத்தை நாலு பக்கமும் திருப்பித் திருப்பி வைத்து அளக்க வேண்டும். பழைய தண்டில் மூன்று பக்கம் முடித்தாயிற்று. நாலாவது பக்கம் கரையைப் பார்த்த பக்கம். பலகையைத் திருப்பிப் போட்டு மண்டியிட்டாள். பாதிக் கம்பி இறக்கும்போது முட்டி பூட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஆணி அடித்த மாதிரி வலி.

"பெரியவரே," என்று கூப்பிட்டாள். அந்த நேரம் பார்த்துக் குடைக்காரரின் குடை காற்றில் மல்லாந்துகொண்டது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் பலகையின் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தாள். விளிம்பெல்லாம் சேறு, வழுக்கிற்று. ஊன்றிய கை நேராகக் கம்பி இறங்குகிற இடத்தில் முழங்கை வரை போயிற்று. உடம்பு அதன் மேல் சாய்ந்தது. பலகை சரிந்து, கலப்பை மாதிரி அந்தப் பக்கம் முழுக்க உழுதுவிட்டது.

கன்னம் சேற்றில் பதியக் கிடந்தாள். பயமோ பதற்றமோ முதலில் வரவில்லை. சேறு சில்லென்று இருந்தது. இனிமேல் எழுந்திருக்க வேண்டாம் என்று இருந்தது. இவ்வளவு காலமும் தொடாமல் தொடாமல் பார்த்துக்கொண்ட தரை, படுத்தால் இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை. அப்படியே தூங்கிவிடலாம் போல இருந்தது.

பிறகுதான் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் கையை எடுத்த குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

குடைக்காரர் இன்னும் திரும்பவில்லை. உள்ளங்கையால் தடவி மெழுகிவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் மறைக்கிறதற்கும் ஒரு தெம்பு வேண்டும் அல்லவா? அடுத்த தடவை அதை நினைவு வைத்திருக்க வேண்டும், அதற்கடுத்த தடவையும். அவளிடம் அவ்வளவு மிச்சமில்லை.

"பெரியவரே, இந்தப் பக்கம் போச்சு. எழுதிக்குங்க."

அவர் திரும்பிப் பார்த்து, குடையைக் காற்றோடு விட்டுவிட்டு, "அய்யய்யோ, என்னம்மா இது! என்னன்னு எழுதட்டும்?" என்று ஓடிவந்தார்.

"விழுந்துட்டேன்னு எழுதுங்க."

ஆபீஸ் மேடம் அவளைவிட வயதில் சின்னவள், மரியாதை தெரிந்தவள். நாற்காலி போடச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, எல்லாம் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"உங்க தம்பி வீடு பள்ளத் தெருவுலதானே?"

"ஆமா மேடம்."

"இல்ல, சும்மா கேட்டேன்." தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி, "முட்டி இவ்வளவு மோசம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"சொல்லியிருக்கலாம்," என்றாள் பலகைக்காரி.

வேறு தண்டுகளை வைத்துப் பார்க்க நாள் ஆகும், ஆகவே கரை வெட்டுகிற முடிவைத் தள்ளிவைத்தார்கள். பலகையை வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். இவளுக்கு ஸ்டோர் ரூமில் வேலை. வெட்டிவந்த மண் துண்டுகளைத் தட்டில் காயவைப்பது, பூட்ஸ் கழுவி அடுக்குவது. உட்கார்ந்து செய்கிற வேலை. இவ்வளவு காலம் எதற்கு ஏங்கினாளோ அது கிடைத்தது. கிடைத்த பிறகும் அசதி போகவில்லை. ஊர் வேறு பேசியது. "தம்பிக்காகத்தான் விழுந்தா. விழத் தெரியாத இடத்துலயா விழுவா?" என்று. மறுத்துப் பேச யாரிடம் போவது? அவளிடம் யாரும் கேட்கவே இல்லையே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் அந்தத் தெருக்கோடிக் குரல்.

"அக்கா!"

டூல்ஸ் பெட்டியோடு தம்பி நின்றான். பின்னால் அவன் பெண்டாட்டி, சிரித்தபடி. அவன் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, கதவில் தொங்கிய கயிற்றைப் பார்த்தான். "என்னக்கா இது, மாட்டுக் கொட்டகையா வீடா?" என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

தாழ்ப்பாளை முடித்து அடுப்படிக் குழாய்க்குப் போனான். தொட்டிக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டே பேசினான். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம்க்கா. எனக்குத் தெரியும். வேலை போனாலும் பரவால்லன்னு செஞ்சிருக்க. கூட்டத்துல அப்படிப் பேசினேன் பாரு, என் வாயைத் தைக்கணும். கூடப் பொறந்தவ கூடப் பொறந்தவதான்."

அவள் வாயைத் திறந்தாள். "அந்த ஸ்பேனரை எடு," என்றான் அவன். எடுத்துக் கொடுத்தாள். சொல்லவில்லை.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தான். அந்த வீட்டில் பழுதுக்கா பஞ்சம்! மின்விசிறி, ஜன்னல் கொக்கி, அலமாரிக் கால். போனில் லாரிக்காரர், "உன் தம்பி இருக்கிற வேகத்தைப் பாத்தா நான் வர்றதுக்குள்ள எனக்கும் ரெண்டு போல்ட் மாத்திடுவான் போல," என்றார். அவள் சிரித்தாள். சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். அவன் அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு வருவான். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடும்.

ஒரு ஞாயிறு குளியலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டே சொன்னான். "செங்கல் வந்து இறங்கிடுச்சுக்கா. பின்பக்கம் ஒரு ரூம் இழுக்கிறேன். பொண்ணும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு வாடகை வீட்டுல லோல்படுறாங்க. வந்து அப்பா வீட்டுலயே இருந்துடுங்கன்னு சொல்லிட்டேன். இனிமே கரையைத் தொட மாட்டாங்கல்ல. மறுபடி ஏதாவது கிளப்பினா நீ பாத்துக்குவ." தலையைத் திருப்பிக் கண்ணடித்தான். "இன்னொரு முட்டி இருக்குல்ல உனக்கு?"

பலகைக்காரிக்கு அந்தக் குழந்தை கண்ணில் வந்தது. வெளியே நண்டு ஓடுகிற சேற்றைவிடக் கீழே இருக்கிற ஒரு தரையில் அது தவழ்ந்து போகிறது. ஸ்டோர் ரூமில் அவள் காயவைக்கிற மண் துண்டுகளில் வெள்ளைக் கோடு எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். புதிதாக அளக்கிறவள் வந்து சொல்லுகிறதும் தெரியும். வெளியே சதுப்பு உயர்ந்துகொண்டுதான் இருந்தது.

"தம்பி, அந்த ரூமைக் கட்டாத."

"ஏன், வாஸ்தா?"

"கரையை வெட்டத்தான் போறாங்க. அவங்க வெட்டலன்னா கடல் வெட்டும். அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வராத."

"அதான் நீ இருக்கியே."

"நான் ஒண்ணும் செய்யலடா. முட்டி பிடிச்சுக்கிச்சு, விழுந்தேன். அவ்வளவுதான். உன் நெனப்பே அப்ப எனக்கு வரல."

அவன் சிரித்தான். "யாருகிட்ட விடுற? இங்க ஆபீஸ் ஆளு யாரும் இல்லக்கா."

"சேத்துல கிடந்தப்போ தூங்கிடலாமான்னுதான் தோணுச்சு. அப்பா வீடும் நெனப்புல இல்ல, நீயும் இல்ல. சத்தியமா."

அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. கையிலிருந்த வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் மெதுவாகப் பேசி அவள் கேட்டது அன்றைக்குத்தான்.

"அப்போ இவ்வளவு நாள் ஏன் சொல்லல?"

"நீ அக்கான்னு கூப்பிட்ட."

அவன் எழுந்தான். டூல்ஸ் பெட்டியில் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு மூடினான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். குழாய் பாதியில் கிடந்தது. வாஷர் தரையில் கிடந்தது. அவளே துணியைச் சுற்றி மாட்டி, கீழே ஒரு வாளி வைத்தாள். அது சொட்டிக்கொண்டே இருந்தது. வேறு பிளம்பரை அவள் கூப்பிடவில்லை.

ரூம் கட்டவில்லை. செங்கல் வாசலில் பாசி பிடித்துக் கிடந்தது என்று தம்பி பெண்டாட்டி சொல்லித் தெரியும். அவள்தான் அவ்வப்போது வந்து போவாள், நிஜமாகவே அவனுக்குத் தெரியாமல். அந்த மழைக்காலத்தில் ஓர் அமாவாசைக் கடல் ஏற்றம், காற்றோடு சேர்ந்து கரையைத் தாண்டிவிட்டது. உடைக்கவில்லை, வழிந்து வந்தது. தம்பி பம்ப் ரூமை விட்டு நகராமல் மோட்டாரை ஓட்டினான், அது புகைந்து நிற்கிற வரைக்கும். ஆளுக்குச் சேதமில்லை. தெருவில் எல்லார் வீட்டிலும் முழங்கால் தண்ணீர். கட்டில்காலில் கோரை சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் கரையை வெட்டுவது பற்றிக் கூட்டத்தில் யாரும் சத்தம் போடவில்லை. ஆபீஸின் மற்றத் தண்டுகளும் சதுப்பு ஈடுகொடுக்கிறது என்றே சொல்லின. தெருக்காரர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போனார்கள்.

வெட்டுகிற அன்று எல்லாரும் மேல்ரோட்டில் நின்று பார்த்தார்கள். பலகைக்காரி கம்பு ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்றாள். இயந்திரம் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டது. பெரிய சத்தத்தோடு கடல் பாயும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வேலை முடிந்து நேரம் கழித்து வீட்டுக்கு வருகிற ஆள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாரே, அந்த மாதிரி வந்தது தண்ணீர். தெருவில் பாதி தூரம் போயிற்று, நின்றது, இன்னும் கொஞ்சம் போயிற்று. கடைசி வீட்டின் படியைத் தொட்டபோது அவள் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

பக்கத்தில் யாரோ வந்து நின்ற மாதிரி இருந்தது. தம்பி. அவனும் அந்த வீட்டைப் பார்க்காமல் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் குழாய் இன்னும் சொட்டுதா?"

"சொட்டுது."

"நாளைக்கு வரேன்."

நாளைக்கு வரவில்லை. நாலைந்து வாரம் கழித்துத்தான் வந்தான். வந்து, வாஷரை மாற்றி, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இருக்கட்டும், அவ காத்துக்கிட்டிருப்பா," என்று டீ குடிக்காமல் போனான். அக்கா என்று கூப்பிட்டானா என்று என் தங்கை கேட்டிருக்கிறாள். "போகும்போது கூப்பிட்டான். கதவைச் சாத்திக்கச் சொல்லி," என்றாளாம் பலகைக்காரி.

அப்பா வீடு இருந்த இடத்தில் இப்போது தரைக்கு மேல் மண் படிந்து கோரை முளைத்திருக்கிறது. அங்கேயும் ஒரு தண்டு அடித்து வேறொருத்தி அளக்கிறாள். பலகைக்காரி ஆபீஸிலிருந்து நின்றுவிட்டாள். லாரிக்காரரும் ஓட்டுகிறதை விட்டாயிற்று. முட்டி படியேற விடாததால் மேட்டுத் தெருவில் கீழ்த்தளத்து வீடு ஒன்றில் இருவரும் இருக்கிறார்கள். தம்பி அதே தெருவில், எதிர்க் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறான். அவளால் ஏறிப் போக முடியாது, அவன்தான் இறங்கி வர வேண்டும்.